புள்ளியியல் மாதிரி வரைபடங்களில் குறிவிளக்கத்தையும் அச்சுப் பெயர்களையும் மாற்றியமைக்கும் முறை

ஒரு தொடர்புப்போக்கு மாதிரியை, அதாவது ஒன்று மாறும்போது மற்றொன்று எப்படி மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் சமன்பாட்டை, பொருத்தி முடித்தவுடன் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தானாக வரைந்து தரும் படத்தில், தரவுக் கோப்பைத் தயாரித்தவர் தமது வசதிக்காக இட்டுக்கொண்ட குறியீடுகளே அச்சுப் பெயர்களாகவும் குறிவிளக்கமாகவும் (எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பகுதி) அப்படியே வந்து நிற்கும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பார்வைக்குக் கொண்டுவரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கின்றன. மீதிப் படங்களில் பெயர்கள் அழகாக மாற்றப்பட்டிருக்கும். ஆனால், எந்தக் கோட்டுக்கு எந்தப் பெயர் என்பது சரிபார்க்கப்பட்டிருக்காது. இரண்டாவது நிலையே அதிகக் கவலை தருவது. குறியீடு குறியீடாகவே நின்றால் வாசகர் விளங்கவில்லை என்று கேட்பார். பெயர் இடம் மாறி நின்றால் அவர் கேட்காமலே நம்பிவிடுவார். ஆகவே, இந்த வழிகாட்டியில் தோற்றத்தைவிடப் பொருத்தத்திற்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

இங்கே விளக்கப்படுவன பெரும்பாலும் ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பைச் சார்ந்தவை. ஹேட்லி விக்கம் உருவாக்கி 2007இல் முதலில் வெளிவந்த அந்தத் தொகுப்பின் மீதே மாதிரிகளை வரையும் ஜிஜிஎஃபெக்ட்ஸ், எஸ்ஜேபிளாட், சர்வ்மைனர் ஆகிய தொகுப்புகளும் எழுப்பப்பட்டுள்ளன. எனவே, அடிப்படையை ஒருமுறை கற்றுக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பயன்படும். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘லெஜண்ட் பொசிஷன்’ போன்ற அளபுருக்களில் (கட்டளைக்குள் மதிப்புத் தந்து நிரப்பும் அமைப்புகளில்) மட்டும் அடிக்கோட்டுக்குப் பதில் புள்ளி வரும்.

விளக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பினாங்கு மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் வாரந்தோறும் பதிவாகும் டிங்கி சம்பவங்களை, அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் பெய்த மழையுடன் தொடர்புபடுத்தும், எண்ணிக்கைகளைக் கணிக்கப் பயன்படும் எதிர்மறை ஈருறுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். தரவுக் கோப்பில் நிரல்களின் (செங்குத்துப் பத்திகளின்) பெயர்கள் மலாயில் உள்ளன: சம்பவ எண்ணிக்கைக்குக் ‘கெஸ்’, மழைக்கு ‘ஹூஜான்’, மாவட்டத்திற்கு ‘டாயேரா’. மாவட்டங்களும் சுருக்கமாகவே உள்ளன: வடகிழக்கு மாவட்டத்திற்கு டிஎல், தென்மேற்குக்கு பிடி, வட செபராங் பிறைக்கு எஸ்பியு, மத்திய செபராங் பிறைக்கு எஸ்பிடி, தென் செபராங் பிறைக்கு எஸ்பிஎஸ்.

பெயரை இடத்தால் அல்ல, பெயராலேயே இணைத்தல்

மழையைக் கிடை அச்சிலும் எதிர்பார்க்கப்படும் சம்பவங்களைச் செங்குத்து அச்சிலும் வைத்து, மாவட்டத்திற்கு ஒரு கோடாக வரைந்தால், குறிவிளக்கத்தில் ஐந்து சுருக்கங்களும் ஆங்கில அகரவரிசையில் நிற்கும்: பிடி, எஸ்பிஎஸ், எஸ்பிடி, எஸ்பியு, டிஎல் (BD, SPS, SPT, SPU, TL). சொற்களாக உள்ள ஒரு நிரலுக்கு வேறு வரிசை சொல்லப்படாதபோது ஆர் எடுத்துக்கொள்ளும் வரிசை அதுவே.

இப்போது ஒருவர் ‘ஸ்கேல் கலர் டிஸ்கிரீட்’ கட்டளையின் ‘லேபல்ஸ்’ அளபுருவில், தீவு முதலில், பெருநிலம் அடுத்து என்று தம் மனத்தில் உள்ள வரிசைப்படி வடகிழக்கு, தென்மேற்கு, வட செபராங் பிறை, மத்திய செபராங் பிறை, தென் செபராங் பிறை என ஐந்து பெயர்களைத் தருகிறார் என்று கொள்வோம். மென்பொருள் அவற்றை இருக்கும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். தென்மேற்கின் கோடு வடகிழக்கு ஆகும். தென் செபராங் பிறையின் கோடு தென்மேற்கு ஆகும். மத்தியப் பகுதியின் கோடு வட பகுதியாகவும், வட பகுதியின் கோடு மத்தியப் பகுதியாகவும் மாறும். ஜோர்ஜ் டவுன் அமைந்துள்ள வடகிழக்கு மாவட்டத்தின் கோடு தென் செபராங் பிறை என்ற பெயரைத் தாங்கி நிற்கும். ஐந்தும் தவறு. ஐந்து பெயர்கள் கேட்கப்பட்டன, ஐந்து பெயர்கள் தரப்பட்டன என்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. கணக்கில் பிழை இல்லை, மாதிரியில் பிழை இல்லை. ஆனால், அந்தப் படத்தைப் பார்த்துப் புகைமருந்து தெளிக்கும் குழுவை எங்கே அனுப்புவது என்று ஒரு சுகாதார அதிகாரி முடிவெடுத்தால், குழு நீரிணையின் மறுகரைக்குப் போய்ச்சேரும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. பெயர்களை வெறும் பட்டியலாகத் தராமல், ஒவ்வொரு குறியீட்டையும் அதற்குரிய பெயரோடு இணைத்துத் தர வேண்டும்:

சி(டிஎல் = "வடகிழக்கு", பிடி = "தென்மேற்கு", எஸ்பியு = "வட செபராங் பிறை", எஸ்பிடி = "மத்திய செபராங் பிறை", எஸ்பிஎஸ் = "தென் செபராங் பிறை")

இவ்வாறு தரப்படும் பட்டியலை மென்பொருள் இடத்தைக் கொண்டு அல்லாமல் குறியீட்டைக் கொண்டே பொருத்தும். எந்த வரிசையில் எழுதினாலும் பெயர் உரிய கோட்டுக்கே போகும். ‘ஸ்கேல் கலர் மேனுவல்’ கட்டளையில் நிறங்களைத் தரும் ‘வேல்யூஸ்’ அளபுருவும் இவ்வாறே இயங்குகிறது. நிறங்களையும் குறியீட்டோடு இணைத்து ஒரே இடத்தில் எழுதிவைத்துக்கொண்டால், ஆய்வேட்டின் எல்லாப் படங்களிலும் வடகிழக்கு மாவட்டம் ஒரே நிறத்தில் வரும். நடுவில் ஒரு மாவட்டத்தை நீக்கிவிட்டு வரைந்தாலும் மற்றவற்றின் நிறம் நகராது.

பெயர் சரியான பிறகும் வரிசை அகரவரிசையாகவே இருக்கும். வரிசையை மாற்ற இரண்டு இடங்கள் உண்டு. ‘பிரேக்ஸ்’ அளபுருவில் குறியீடுகளை விரும்பும் வரிசையில் தந்தால் குறிவிளக்கத்தின் வரிசை மட்டும் மாறும். நிரலையே ‘ஃபேக்டர்’ (வகைகளுக்கு நிலையான வரிசை உள்ள நிரல்) ஆக்கி ‘லெவல்ஸ்’ வழியே வரிசையைச் சொன்னால் எல்லாப் படங்களிலும் அந்த வரிசை நிலைக்கும். இரண்டாவது வழியே நான் பெரிதும் பரிந்துரைப்பது. ஆயினும், அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதிரியைப் பொருத்துவதற்கு முன் ‘லெவல்ஸ்’ வரிசையை மாற்றினால், முதலில் நிற்கும் மாவட்டமே மற்றவை ஒப்பிடப்படும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும். அதனால் கெழுக்கள் (ஒவ்வொரு மாறியின் விளைவையும் அளக்கும் எண்கள்) அனைத்தும் வேறு எண்களாக வரும். மாதிரி கணித்துத் தரும் மதிப்புகள் மாறுவதில்லை, ஆனால் அட்டவணையும் கெழு வரைபடமும் மாறும். ஆகவே, வரிசையைப் பொருத்துவதற்கு முன்பே முடிவுசெய்து, அட்டவணையையும் படத்தையும் அதே மாதிரியிலிருந்து எடுக்க வேண்டும்.

இடத்தால் மட்டுமே பொருத்தும் கட்டளைகளும் இருக்கின்றன. அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுக்கான ‘ஜிஜிசர்வ்பிளாட்’ கட்டளையின் ‘லெஜண்ட் லேப்ஸ்’ அளபுரு அத்தகையது. ஆர் மொழியின் ‘சர்வைவல்’ தொகுப்போடு வரும் நுரையீரல் புற்றுநோய்த் தரவில் 228 நோயாளிகள் உள்ளனர். பாலினம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் ஆண்களுக்கு 270 நாள், பெண்களுக்கு 426 நாள். குறிவிளக்கத்தில் "பெண்", "ஆண்" என்று வரிசையை மாற்றித் தந்தால், ஆண்களே நீண்டகாலம் வாழ்ந்தார்கள் என்று படம் சொல்லும், மென்பொருள் மறுக்காது. இத்தகைய கட்டளைகளைப் பயன்படுத்துமுன், பெயர் எதையும் மாற்றாமல் ஒருமுறை வரைந்து, எந்த நிறம் எந்தக் குறியீடு என்று தாளில் குறித்துக்கொண்டு, மாற்றிய படத்தோடு ஒப்பிட வேண்டும். அதைவிட உறுதியான வழி, தரவிலேயே 1, 2 என்பவற்றை ஆண், பெண் என்று மாற்றிவிட்டுப் பிறகு மாதிரியைப் பொருத்துவது.

பைத்தான் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். மேட்பிளாட்லிப் தொகுப்பில் கோட்டை வரையும்போதே அதன் பெயரை ‘லேபல்’ அளபுருவில் தந்துவிட வேண்டும். இறுதியில் ‘லெஜண்ட்’ கட்டளைக்குப் பெயர்ப் பட்டியலை மட்டும் தருவது, வரைந்த வரிசையை நினைவில் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் செய்யும் செயல்.

இரட்டைக் குறிவிளக்கம் ஏன் தோன்றுகிறது

கோட்டுக்கு நிறம், கோட்டைச் சூழ்ந்து கணிப்பின் நிச்சயமின்மையைக் காட்டும் நம்பிக்கை இடைவெளிப் பட்டைக்கு நிரப்பு நிறம், கருப்பு வெள்ளை நகலில் பிரித்தறியக் கோட்டின் வகை என மூன்றும் மாவட்டத்தையே குறிக்கும்படி வரைவது நல்ல பழக்கம். அப்போது குறிவிளக்கம் ஒன்றாகவே வரும். ஏனெனில், தலைப்பும் பெயர்களும் முழுவதும் ஒத்திருக்கும் குறிவிளக்கங்களை ஜிஜிபிளாட்2 ஒன்றாக இணைத்துவிடுகிறது. ‘லேப்ஸ்’ கட்டளையில் நிறத்தின் தலைப்பை மட்டும் "மாவட்டம்" என்று மாற்றிவிட்டு, நிரப்பு நிறத்தையும் கோட்டு வகையையும் அப்படியே விட்டால் அவை பிரிந்து, "மாவட்டம்" என்ற தலைப்பில் ஒன்றும் ‘டாயேரா’ என்ற தலைப்பில் மற்றொன்றுமாக இரண்டு குறிவிளக்கங்கள் பக்கவாட்டில் அடுக்கி நிற்கும். ‘லேப்ஸ்’ கட்டளையில் மூன்றுக்கும் ஒரே தலைப்பைத் தர வேண்டும். மூன்று ‘ஸ்கேல்’ கட்டளைகளிலும் ஒரே பெயர்ப் பட்டியலைத் தர வேண்டும். பட்டியலை முதலிலேயே ஒரு மாறியில் சேமித்துவைத்து மூன்று இடங்களிலும் அந்த மாறியையே எழுதுவது பாதுகாப்பானது. ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் இணைப்பு அறுந்துவிடும்.

வேண்டாத குறிவிளக்கம் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அளவான ஒளிபுகு தன்மையையோ நிறத்தையோ, நிரல்களைப் படத்தின் பண்புகளோடு இணைக்கும் ‘ஏஇஎஸ்’ கட்டளையின் அடைப்புக்குள் எழுதினால், மென்பொருள் அதைத் தரவின் ஒரு பண்பு என்று கருதிக் குறிவிளக்கத்தில் காட்டும். மாறாத பண்புகளை அடைப்புக்கு வெளியே எழுத வேண்டும். ஒரு படலத்தின் (படத்தின் ஓர் அடுக்கின்) குறிவிளக்கத்தை மட்டும் நீக்க ‘ஷோ லெஜண்ட்’ அளபுருவைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைக்கலாம். ஒரு பண்பின் குறிவிளக்கத்தை முழுவதும் நீக்க ‘கைட்ஸ்’ கட்டளையில் அந்தப் பண்புக்கு "நன்" என்று தர வேண்டும். மூலத் தரவுப் புள்ளிகள் மிக மெல்லிய நிறத்தில் வரையப்பட்டிருந்தால் குறிவிளக்கத்திலும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிப்போகும். ‘கைட் லெஜண்ட்’ கட்டளையின் ‘ஓவர்ரைடு ஏஇஎஸ்’ அளபுருவால், படத்தை மாற்றாமல் குறிவிளக்கத்தில் மட்டும் நிறத்தை முழுமையாக்கலாம்.

குறிவிளக்கத்தை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் தாளின் அகலத்தைப் பொறுத்தது. தமிழிலோ மலாயிலோ மாவட்டப் பெயர்கள் நீளமாக இருப்பதால், வலப்பக்கத்தில் வைத்தால் படம் ஒடுங்கிவிடும். ‘தீம்’ கட்டளையில் ‘லெஜண்ட் பொசிஷன்’ அளபுருவை "பாட்டம்" என்று வைத்து, ‘கைட் லெஜண்ட்’ கட்டளையின் ‘என்ரோ’ அளபுருவால் இரண்டு வரிகளாக மடக்கலாம். படத்திற்குள்ளேயே காலி மூலையில் வைக்க விரும்புவோர் ஒரு மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும்: 2024இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து இடத்தை "இன்சைடு" என்று சொல்லிவிட்டு, ஆயத்தொலைவுகளை ‘லெஜண்ட் பொசிஷன் இன்சைடு’ என்ற தனி அளபுருவில் தர வேண்டும். பழைய வழிகாட்டிகளில் உள்ள கட்டளை எச்சரிக்கை தருவதற்குக் காரணம் இதுவே.

இடமிருந்தால், குறிவிளக்கமே இல்லாமல் ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலும் மாவட்டத்தின் பெயரை எழுதிவிடுவதையே நான் விரும்புவேன். வாசகரின் கண் கோட்டுக்கும் குறிவிளக்கத்துக்கும் இடையே அலைய வேண்டியதில்லை. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் தடையில்லை. ஒவ்வொரு மாவட்டத்தின் கடைசிப் புள்ளியை மட்டும் தனியே எடுத்து ‘ஜியோம் டெக்ஸ்ட்’ கட்டளையால் எழுதி, ‘கோஆர்ட் கார்ட்டீஷியன்’ கட்டளையில் ‘கிளிப்’ அளபுருவை "ஆஃப்" என்று வைத்து, வலது ஓரத்தில் வெற்றிடம் விட்டால் போதும். கோடுகள் முனையில் நெருங்கிவந்து பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுமானால் ஜிஜிரெபெல் தொகுப்பு அவற்றை விலக்கித் தரும். நிறங்களைப் பொறுத்தவரை, ஆர் 4.0.0 பதிப்பிலிருந்தே "ஒகாபே இட்டோ" என்ற, நிறக்குருடு உள்ளோரும் பிரித்தறியக்கூடிய வண்ணத் தொகுதி உடன் வருகிறது.

அச்சுப் பெயர் மாதிரியின் அளவுகோலைச் சொல்ல வேண்டும்

அச்சுக்குப் பெயரிடுவது ‘லேப்ஸ்’ கட்டளையில் எக்ஸ், ஒய் என்ற இரு அளபுருக்களை நிரப்பும் வேலைதான். கட்டளை எளிது, எதை எழுதுவது என்பதே கடினம். மூலத் தரவைக் காட்டும் படத்தில் "டிங்கி சம்பவங்கள்" என்று எழுதினால் போதும். மாதிரியின் கணிப்பைக் காட்டும் படத்தில் அது போதாது. அங்கே செங்குத்து அச்சில் இருப்பது பதிவான எண்ணிக்கை அன்று, மாதிரி எதிர்பார்க்கும் எண்ணிக்கை.

நம் எடுத்துக்காட்டில் மக்கள்தொகையின் மடக்கை ‘ஆஃப்செட்’ ஆக (கெழு கணிக்கப்படாமல் அப்படியே கூட்டப்படும் உறுப்பாக) மாதிரியில் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே, கணிக்கும்போது மக்கள்தொகைக்கு எந்த மதிப்பைத் தருகிறோமோ அந்த அளவு மக்களுக்குரிய எண்ணிக்கையே வெளிவரும். கணிப்புக்கான தரவில் மக்கள்தொகை நிரலில் 100000 என்று வைத்துக் கணித்தால்தான், "1 லட்சம் பேருக்கு வாரந்தோறும் எதிர்பார்க்கப்படும் சம்பவங்கள்" என்று அச்சில் எழுதும் உரிமை நமக்கு வருகிறது. தொகுப்பு தானாகத் தேர்ந்தெடுத்த சராசரி மக்கள்தொகையில் கணித்துவிட்டு அதே பெயரை எழுதினால், எண்கள் ஒன்றைச் சொல்லும், அச்சு வேறொன்றைச் சொல்லும்.

‘பிரெடிக்ட்’ கட்டளையின் ‘டைப்’ அளபுருவும் இதே தன்மையது. ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளில் அது இணைப்பு அளவுகோலில், அதாவது நம் மாதிரியில் மடக்கை அளவில், மதிப்பைத் தரும். "ரெஸ்பான்ஸ்" என்று சொன்னால்தான் எண்ணிக்கையாகத் தரும். ஆம், இல்லை என்ற விளைவைக் கணிக்கும் லாஜிஸ்டிக் மாதிரியில் முன்னது ஆட்ஸின் (நிகழும் வாய்ப்புக்கும் நிகழா வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தின்) மடக்கை, பின்னது நிகழ்தகவு. செங்குத்து அச்சில் எதிர்ம எண்கள் தென்பட்டால் அது நிகழ்தகவாக இருக்க முடியாது என்பதை உடனே கண்டுகொள்ளலாம். எல்லா மதிப்புகளும் 0க்கும் 1க்கும் இடையே விழுந்துவிட்டால் கண்டுகொள்வது கடினம். நிகழ்தகவைச் சதவீதமாகக் காட்ட, தரவை 100ஆல் பெருக்காமல், ‘ஸ்கேல்ஸ்’ தொகுப்பின் ‘லேபல் பர்சென்ட்’ சார்பை அச்சின் ‘லேபல்ஸ்’ அளபுருவில் தருவதே முறை. எண்கள் மாறாமல் எழுத்து மட்டும் மாறும்.

கிடை அச்சிலும் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, காலப் பின்னடைவு: மழை பெய்து, கொசு பெருகி, நோய் பரவி, நோயாளி மருத்துவமனைக்கு வர வாரங்கள் ஆகும் என்பதால்தான் முந்தைய நான்கு வார மழையை எடுத்தோம், அச்சில் வெறும் "மழை" என்று எழுதினால் அந்தச் சிந்தனை முழுவதும் மறைந்துவிடும். "முந்தைய 4 வாரங்களின் மொத்த மழை, மில்லிமீட்டரில்" என்று எழுத வேண்டும். மற்றொன்று, திட்டப்படுத்தல். மாதிரி எளிதில் ஒருங்குவதற்காக மழையிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்திருந்தால், அச்சில் -1, 0, 1, 2 என்ற எண்களே வரும். பினாங்கில் மழை எதிர்மத்தில் பெய்வதாக வாசகர் காண்பார். மாதிரியை மீண்டும் பொருத்த வேண்டியதில்லை. ‘ஸ்கேல் எக்ஸ் கன்டினியுயஸ்’ கட்டளையின் ‘லேபல்ஸ்’ அளபுருவுக்கு, வரும் எண்ணைத் திட்ட விலக்கத்தால் பெருக்கிச் சராசரியைக் கூட்டும் சிறிய சார்பு ஒன்றைத் தந்தால், அச்சில் மில்லிமீட்டர் மதிப்புகள் வந்துவிடும். ஆனால், அவை 187, 263 என்று முழுமையற்ற எண்களாக விழும். ஆகவே, 100, 200, 300 போன்ற முழு எண்களைத் திட்டப்படுத்திய அளவுக்கு மாற்றி ‘பிரேக்ஸ்’ அளபுருவில் தருவது இன்னும் செம்மையானது.

அச்சின் எல்லையைக் குறுக்க விரும்பும்போது ‘ஸ்கேல்’ கட்டளையின் ‘லிமிட்ஸ்’ அளபுருவைத் தொடாமல் ‘கோஆர்ட் கார்ட்டீஷியன்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். முன்னது எல்லைக்கு வெளியே உள்ள தரவை நீக்கிவிட்டே வரைகிறது. படத்திலேயே பொருத்தப்படும் கோடுகள் அதனால் வளைந்துவிடும்.

இரு தொடர் மாறிகளின் இடைவினையை (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவதை) வரையும்போது குறிவிளக்கத்தில் என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மழையோடு வெப்பநிலையும் மாதிரியில் இருந்தால், ஜிஜிஎஃபெக்ட்ஸ் தொகுப்பு வெப்பநிலைக்குச் சராசரி, அதற்கு ஒரு திட்ட விலக்கம் கீழே, ஒரு திட்ட விலக்கம் மேலே என மூன்று மதிப்புகளைத் தேர்ந்து மூன்று கோடுகளாக வரையும். குறிவிளக்கத்தில் வெறும் எண்களாக நிற்கும் அவற்றை "குறைவு", "நடுத்தரம்", "அதிகம்" என்று மாற்றுவது வழக்கமாகிவிட்டது. நான் அதற்கு உடன்படுவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறாத நம் நாட்டில் "அதிகம்" என்பது "குறைவு" என்பதைவிட ஓரிரு பாகை மட்டுமே கூடுதலாக இருக்கக்கூடும். எண்ணையும் அலகையும் வைத்துவிட்டு, தலைப்பில் "வாரச் சராசரி வெப்பநிலை, பாகை செல்சியஸ்" என்று எழுதுவதே நேர்மையானது.

கெழு வரைபடம்

கெழுக்களையும் அவற்றின் நம்பிக்கை இடைவெளிகளையும் அடுக்கிக் காட்டும் படத்தில் அச்சுப் பெயர்களே உள்ளடக்கம். ‘புரூம்’ தொகுப்பின் ‘டைடி’ கட்டளை கெழுக்களை ஒரு தரவுச் சட்டமாகத் தருகிறது. அதில் ‘டெர்ம்’ என்ற நிரலில் மாறியின் பெயரும் வகையின் பெயரும் ஒட்டிக்கொண்டு ‘டாயேராபிடி’ என்பது போல நிற்கும். மேலே சொன்ன முறையிலேயே, ஒவ்வொன்றையும் அதன் பெயரோடு இணைத்த பட்டியலால் மாற்ற வேண்டும். மாவட்டங்களில் நான்கே படத்தில் இருக்கும். ஐந்தாவது, ஒப்பீட்டு அடிப்படையாக மறைந்து நிற்கிறது. அதன் பெயரைக் கிடை அச்சின் தலைப்பிலோ படத்தின் அடிக்குறிப்பிலோ சொல்லாவிட்டால், "தென்மேற்கு: 0.8" என்ற வரிக்கு எதனோடு ஒப்பிட்டு என்ற கேள்வி எழும். "வடகிழக்கு மாவட்டத்தோடு ஒப்பிட்ட சம்பவ வீத விகிதம்" என்று அச்சில் எழுதிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

விகிதமாகக் காட்ட ‘டைடி’ கட்டளையின் ‘எக்ஸ்பொனென்ஷியேட்’ அளபுருவை மெய் (ட்ரூ) என்று வைத்தால், அச்சையும் மடக்கை அச்சாக மாற்ற வேண்டும். இரு மடங்காவதும் பாதியாவதும் 1 என்ற கோட்டிலிருந்து சம தொலைவில் தெரிவது அப்போதுதான். துணைக்கோடு 0இல் அல்லாமல் 1இல் வர வேண்டும். ‘பிரேக்ஸ்’ அளபுருவில் 0.5, 1, 2 என்று வாசிக்க எளிய எண்களைத் தாருங்கள். செங்குத்து அச்சில் முதல் ‘லெவல்’ அடியில்தான் நிற்கும் என்பதால், அட்டவணையின் வரிசையே படத்திலும் மேலிருந்து கீழாக வர வேண்டுமானால் ‘லெவல்ஸ்’ வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மாதிரியைப் பொருத்திய பிறகு, ‘டைடி’ தந்த சட்டத்தில் மட்டும் இதைச் செய்வதால் ஒப்பீட்டு அடிப்படை மாறாது.

எஸ்ஜேபிளாட் தொகுப்பின் ‘பிளாட் மாடல்’ கட்டளை இவற்றில் பலவற்றைத் தானே செய்து தருகிறது. தரவு நிரல்களுக்கு விளக்கப் பெயர் இட்டிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளும். ஜிஜிபிளாட்2 தொகுப்பும் 2025இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து நிரலுக்கு இட்ட விளக்கப் பெயரை அச்சில் எழுதுகிறது. தரவைத் தூய்மைசெய்யும் கட்டத்திலேயே பெயரிட்டுவிடுவதன் பயன் இங்கே தெரியும்.

தமிழ் எழுத்து சிதையாமல் சேமித்தல்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் தமிழில் எழுதப்படும் ஆய்வுகளுக்குப் படத்திலும் தமிழ் வேண்டும். திரையில் சரியாகத் தெரிந்த தமிழ், ஆரின் இயல்பான பிடிஎஃப் கருவியில் சேமிக்கும்போது புள்ளிகளாகவோ கட்டங்களாகவோ மாறிவிடும். பிடிஎஃப் வேண்டுமானால் ‘கெய்ரோ பிடிஎஃப்’ கருவியையும், படக்கோப்பு வேண்டுமானால் ‘ராக்’ தொகுப்பின் பிஎன்ஜி கருவியையும் ‘ஜிஜிசேவ்’ கட்டளையின் ‘டிவைஸ்’ அளபுருவில் தர வேண்டும். எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்தின் இடப்பக்கம் சரியாக வந்து அமரும்படி எழுத்துகளை அடுக்கித் தரும் திறனும் கருவிக்கு வேண்டும். ‘ராக்’ கருவிக்கு அது உண்டு. ‘கெய்ரோ பிடிஎஃப்’ கருவியில் அது கணினியில் ஆர் நிறுவப்பட்டுள்ள விதத்தைப் பொறுத்தது. சேமித்த கோப்பைத் திறந்து "செபராங்", "தென்மேற்கு" போன்ற சொற்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

எழுத்துருவை ‘தீம்’ கட்டளையில் ‘எலிமென்ட் டெக்ஸ்ட்’ வழியாக, அதன் ‘ஃபேமிலி’ அளபுருவில் சொல்லலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்குக் கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி உடன் வருகிறது. ‘ஜியோம் டெக்ஸ்ட்’ கட்டளையால் படத்தின் நடுவே எழுதும் பெயர்களுக்கு அதன் ‘ஃபேமிலி’ அளபுருவிலும் எழுத்துருவைத் தனியே தந்துவிட்டால் ஐயமில்லை.

அளவை இறுதியில் தீர்மானிக்காமல் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆய்வேட்டின் இடது ஓரத்துக்கு 4, வலது ஓரத்துக்கு 2.5 என விட்டால் படத்திற்குக் கிடைப்பது 14.5. ‘ஜிஜிசேவ்’ கட்டளையில் அகலத்தை 14.5 என்றும் அலகைச் சென்டிமீட்டர் என்றும் தந்து, அந்த அளவிலேயே கோப்பில் செருகினால், ‘தீம்’ கட்டளையின் 11 புள்ளி எழுத்து தாளிலும் 11 புள்ளியாகவே அச்சாகும். 30 சென்டிமீட்டரில் சேமித்துப் பாதியாகச் சுருக்கினால் எழுத்தும் பாதியாகச் சுருங்கும். "மத்திய செபராங் பிறை" என்பதைப் படிக்கத் தேர்வாளருக்கு உருப்பெருக்கி தேவைப்படும். நீண்ட பெயர்கள் அச்சில் ஒன்றோடொன்று மோதினால் அவற்றைச் சாய்த்து எழுதாமல், வகைகளைச் செங்குத்து அச்சுக்கு மாற்றுங்கள், அல்லது பொருள் முறியாத இடத்தில் பெயரை இரண்டு வரியாக உடையுங்கள்: "மத்திய" மேலே, "செபராங் பிறை" கீழே.